தேறும் மணி

பாளையங்கோட்டையில் இருக்கும் என் பெரியப்பா ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவார். அமெரிக்காவில் இருக்கும் எங்களுக்கு அது காலை. அவர் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரம். அப்பாவிடம் ஊர்க் கதையெல்லாம் பேசி முடித்ததும் என்னைக் கேட்பார். "என்ன டாக்டரம்மா, படிப்பு எப்படிப் போகிறது?" 2022 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை, ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், "நன்றாகப் போகிறது பெரியப்பா" என்றே பதில் சொன்னேன். அந்த செமஸ்டரில் எடுத்திருந்த நான்கு பாடங்களில் இரண்டை, அதுவும் மருத்துவப் படிப்புக்குக் கட்டாயமான இரண்டை, நான் விட்டிருந்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

வேலை பார்த்துக்கொண்டே மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அவர்களுடைய அப்பா அம்மாவும் படித்தால் நல்லது. ஏழாம் வகுப்பு வரை பாளையங்கோட்டையில் தமிழில் படித்தவள் நான். என் கல்லூரி விஷயத்தை வீட்டில் தமிழில் சொல்லத் திணறியதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றை விளக்க வேண்டும். பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேராக எம்.பி.பி.எஸ். சேரும் வழி அமெரிக்காவில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம், அதற்குப் பிறகுதான் நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரி. மருத்துவக் கல்லூரிக்குத் தயாராவதை 'ப்ரீ-மெட்' என்பார்கள்; ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் அப்படித் தனியாக ஒரு பட்டம் கிடையாது. எந்தப் பட்டம் படித்தாலும், கூடவே உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைப் பொதுவாக ஆய்வகத்தோடு ஓராண்டு வீதம் முடிக்க வேண்டும். பல கல்லூரிகள் உயிர்வேதியியலும் கேட்கும். பிறகு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வு. இத்தனைக்கும் நடுவில் நோயாளிகளோடு பழகிய அனுபவமும் வேண்டும்.

நம் கல்லூரிகளில் 'அரியர்' என்று ஒரு சொல் உண்டு. தேர்வில் தவறி, மீண்டும் எழுதவேண்டிய பாடம் அது. இங்கே நான் வாங்கியது அரியர் அல்ல. குறிப்பிட்ட தேதிக்குள் மாணவரே ஒரு பாடத்திலிருந்து விலகிக்கொண்டால், மதிப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் 'டபிள்யூ' என்ற எழுத்து விழும். ஜி.பி.ஏ. எனப்படும் சராசரி மதிப்பெண் கணக்கில் அது சேராது. ஆனால் பட்டியலில் நிற்கும், என்றைக்கும் நிற்கும். செமஸ்டர் தொடங்கிய ஓரிரு வாரத்துக்குள் விட்டால் அந்த எழுத்துகூட விழாது. எனக்கு அந்த ஓரிரு வாரத்தில் புத்தி வரவில்லை.

அப்பா ஊரில் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கராக இருந்தவர். 2015-ல், எனக்குப் பதின்மூன்று வயதில், மாமா போட்டிருந்த குடியேற்ற விண்ணப்பம் பல ஆண்டுகள் கழித்துக் கைகூடி, நியூ ஜெர்சிக்கு வந்தோம். அவருடைய கணக்கு அனுபவத்துக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. டர்ன்பைக் நெடுஞ்சாலையின் 8ஏ வெளிவாசல் பக்கம் கிடங்குகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பெட்டிகளை அடுக்கும் வேலையில் சேர்ந்தார். அம்மா பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்தார். நான் 2020-ல் கல்லூரியில் சேர்ந்தேன். 2021 கோடையில் சி.என்.ஏ. பயிற்சி முடித்தேன். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குறிப்பது என்று செவிலியருக்குக் கீழே செய்யும் உதவியாளர் வேலை அது. மருத்துவமனை ஒன்றில் வாரம் 24 மணி நேரம், இரண்டு இரவுகள். பாடத்தின் அளவை இங்கே 'கிரெடிட்' என்ற அலகில் எண்ணுவார்கள்; மூன்று செமஸ்டரில் 45 கிரெடிட் முடித்திருந்தேன், ஜி.பி.ஏ. நான்குக்கு 3.6. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

2022 ஜனவரியில் கிடங்கில் அப்பாவுக்கு முதுகில் அடிபட்டது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான காப்பீட்டில் இந்த மாநிலத்தில் ஊதியத்தின் 70 விழுக்காடு கிடைக்கும். மீதி 30 விழுக்காடு எங்கள் வீட்டில் மாதம் ஏறத்தாழ 1,000 டாலர். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே போய் மூன்றாவது இரவையும் எழுதி வாங்கிக்கொண்டேன். வாரம் 36 மணி நேரம் வேலை. கூடவே கரிம வேதியியல் இரண்டாம் பகுதி, இயற்பியல், மரபியல், புள்ளியியல் என 15 கிரெடிட். மூன்று இரவுதானே, நான்கு நாள் முழுதாகக் கையில் இருக்கிறதே என்று நினைத்தேன். இரவுப்பணி செய்து பார்க்காத எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். இரண்டு இரவுகள் செய்து பார்த்திருந்த நானும் அப்படியே நினைத்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

எட்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. புதன்கிழமை காலை விழித்தவள், பகலில் இயற்பியல் ஆய்வகம், இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை வேலை, அங்கிருந்து நேராகக் கரிம வேதியியல் தேர்வு. தேர்வில் மூன்றாவது வினாவை இரண்டு முறை எழுதியிருந்தேன். முதல் முறை எழுதியது எனக்கு நினைவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரூட் 1 சாலையில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றேன். பின்னால் இருந்த லாரி விடாமல் ஒலி எழுப்பியபோதுதான் கண் திறந்தேன். விளக்கு பச்சையாகி, மறுபடி மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது. அப்போது நான் விழித்து 26 மணி நேரம் ஆகியிருந்தது. இந்த மாநிலத்தில் 2003 முதல் 'மேகி சட்டம்' என்று ஒன்று இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் வண்டி ஓட்டி ஒருவரின் உயிர் போகக் காரணமானால், தூங்காததையே பொறுப்பற்ற செயலுக்குச் சான்றாகக் கொண்டு வழக்குத் தொடரலாம். அதைப் பிறகு தெரிந்துகொண்டேன். மருத்துவராக வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தவள் சாலையில் ஒருவரைக் கொன்றிருக்கக் கூடும். அந்த எண்ணம் வந்த பிறகு மதிப்பெண்ணைப் பற்றிய அச்சம் சின்னதாகிவிட்டது.

அடுத்த நாள் நான்கு பாடங்களிலிருந்தும் விலகுவது என்று முடிவு செய்து பதிவாளர் அலுவலகம் போனேன். சாளரத்தில் இருந்த அம்மையார் படிவத்தைக் கையில் வாங்காமலே, "நிதி உதவி அலுவலகத்தில் கேட்டுவிட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை என்றேன். "அங்கே போய்விட்டு வாருங்கள், நான் ஐந்து மணி வரை இருப்பேன்" என்றார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன்.

நிதி உதவி அலுவலகத்தில் அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டவை இவை. செமஸ்டரின் 60 விழுக்காடு முடிவதற்குள் எல்லாப் பாடங்களையும் விட்டால், கூட்டாட்சி அரசு கொடுத்த பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை, கடன் ஆகியவற்றில் மீதி நாட்களுக்கான பங்கைக் கணக்கிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். பதினைந்து வார செமஸ்டரில் அது ஒன்பதாவது வாரம். நான் நின்றது எட்டாவது வாரத்தில். அதாவது, அந்த வெள்ளிக்கிழமை நான்கையும் விட்டிருந்தால் கல்லூரிக்குப் பெரிய தொகை பாக்கி வைத்திருப்பேன். ஒரு பாடமாவது கையில் இருந்தால் அந்தக் கணக்கு வராது. ஆனால் 6 கிரெடிட்டுக்குக் கீழே போகக்கூடாது; போனால் கல்விக் கடனைத் திருப்பிக் கட்டுவதற்கான ஆறு மாதக் கெடு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். இன்னொன்று: உதவித்தொகை தொடர வேண்டுமானால், எடுத்த கிரெடிட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் அந்த அளவு 67 விழுக்காடு. டபிள்யூ வாங்கிய பாடம் 'எடுத்தது' என்ற பக்கத்தில் சேரும், 'முடித்தது' என்ற பக்கத்தில் சேராது. இரண்டு பாடங்களை விட்டால் எனக்கு 60-க்கு 52. ஏறத்தாழ 87 விழுக்காடு. ஆபத்து இல்லை.

கரிம வேதியியலையும் இயற்பியலையும் விட்டேன். மரபியலையும் புள்ளியியலையும் வைத்துக்கொண்டேன். அவை இரண்டும் சேர்த்து 7 கிரெடிட்.

மாணவர் விசாவில் வந்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் தனியாக ஒரு சொல். உங்களுக்கு விதி வேறு. முழுநேர அளவுக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். விலகிவிட்டுப் போய்ச் சொன்னால் விசாவுக்கே கேடு வரும்.

பாடத்தை விட்டது சரியா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எண்ணாகவே சொல்கிறேன். 45 கிரெடிட்டில் 3.6. அந்த இரண்டு பாடங்களையும் பிடித்துத் தொங்கி, இரண்டிலும் 'டி' வாங்கியிருந்தால் அது 3.2-க்கு இறங்கியிருக்கும். பிறகு அவற்றையே மீண்டும் படித்து இரண்டிலும் 'ஏ' வாங்கினாலும் 3.3-க்குத்தான் ஏறும். காரணம், எம்.டி. (இங்கே மருத்துவத்தில் முதல் பட்டமே அதுதான்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், முதல் முறை வாங்கியதையும் இரண்டாம் முறை வாங்கியதையும் சேர்த்தே கணக்கிடும். கல்லூரி பழைய மதிப்பெண்ணை மறைத்துப் புதியதைப் போட்டாலும் ஆம்காஸ் மறைக்காது. மருத்துவராக இன்னொரு வழியான, ஆஸ்டியோபதி எனப்படும் டி.ஓ. கல்லூரிகளின் விண்ணப்பத்தில் முன்பு பழைய மதிப்பெண்ணை விட்டுவிடும் சலுகை இருந்தது. 2017-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். டபிள்யூ வாங்கிவிட்டு மீண்டும் படித்து 'ஏ' வாங்கினால் 3.66. என்னைப் பொறுத்தவரை அந்த வெள்ளிக்கிழமை செய்ததில் பிழை இல்லை. வீட்டில் சொல்லாததுதான் பிழை.

கல்லூரி மாணவருடைய மதிப்பெண்ணை அவருடைய ஒப்புதல் இல்லாமல் பெற்றோரிடம் காட்ட இங்கே சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. ஆகவே மறைப்பது சுலபம். வகுப்பு இருந்த நாட்களில் வழக்கமான நேரத்துக்கே கிளம்பினேன். நூலக வாகன நிறுத்தத்தில் காருக்குள் தூங்கினேன். அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றை அங்கேயே சாப்பிட்டேன். அந்த ஆறு வாரத்தில் நான் இழந்தவற்றைப் பின்னால் எண்ணிப் பார்த்தேன். கோடை வகுப்புக்கான பதிவு முடிந்துவிட்டது. மருத்துவப் படிப்புக்கு வழிகாட்டும் ஆலோசகரைப் பார்க்கவில்லை. பார்த்தால் உண்மையைச் சொல்ல வேண்டுமே. வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்கவில்லை. கேட்டால் வீட்டில் காரணம் சொல்ல வேண்டுமே. ஒரு பொய் மற்ற எல்லா வாயிலையும் சாத்திக்கொண்டே போனது. பட்டியலில் விழுந்த இரண்டு எழுத்துகளைவிட அந்த ஆறு வாரமே எனக்கு அதிகச் சேதம் செய்தது.

ஏப்ரல் கடைசியில் அப்பா முதுகுப் பயிற்சிக்குப் போக என் காரை எடுத்துக்கொண்டு போனார். பின்பெட்டியில் கரிம வேதியியல் புத்தகமும், மூலக்கூறு வடிவம் கட்டிப் பார்க்கும் பிளாஸ்டிக் பெட்டியும், மேலே ஒரு போர்வையும் கிடந்தன. வந்து, சாவியை மேசையில் வைத்துவிட்டு, "ஏம்மா, அந்தப் புத்தகம் ஏன் வண்டியிலேயே கிடக்கிறது?" என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிவப்பு விளக்கைச் சொன்னபோது அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

அப்பா திட்டவில்லை. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஊரிலிருந்து கொண்டுவந்த நீள நோட்டு ஒன்றை எடுத்து, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் வரவு என்றும் வலப்பக்கம் செலவு என்றும் எழுதினார். "வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி?" 168 என்றேன். தொடக்க இருப்பு 168 என்று எழுதினார். ஜனவரியில் நான் போட்ட திட்டத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். தூக்கம் 49. வேலை 36. வகுப்பும் ஆய்வகமும் 18. போக வர 9. சாப்பாடு, குளியல், வீட்டு வேலை 17. கூட்டினால் 129. இருப்பு 39. ஒரு கிரெடிட்டுக்கு வகுப்புக்கு வெளியே வாரம் இரண்டு மணி நேரம் என்பது இங்கே பொதுக் கணக்கு. 15 கிரெடிட்டுக்கு 30 மணி. இருப்போ 39. அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "கணக்கு நேராகத்தானே வருகிறது? பிறகு பணம் எங்கே போயிற்று?" என்றார். மணி என்று சொல்ல வந்தவர் பணம் என்றுவிட்டார்.

அடுத்த ஒரு வாரம் நடந்ததை நடந்தபடி அரை மணிக்கு ஒரு தடவை எழுதச் சொன்னார். எழுதினேன். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். வேலை 36 மணி என்று இருந்த இடத்தில் உண்மையில் 40: பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நேரமும் உடை மாற்றும் நேரமும் திட்டத்தில் இல்லை. இரவுப்பணிக்கு மறுநாள் பகலில் தூங்கியது துண்டு துண்டாக நாலரை மணி. எழுந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் புத்தகம் திறந்திருந்தது. படித்தது ஒன்றும் நினைவில் இல்லை, மறுநாள் அதையே மீண்டும் படித்திருந்தேன். அப்பா அவற்றையெல்லாம் சுழித்துவிட்டு, "இது தேறாது... இதுவும் தேறாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சங்கத்தில் வாராக் கடனை அப்படித்தான் சுழிப்பார் போலிருக்கிறது. கடைசியில் தெளிந்த மூளையோடு படித்த நேரம் 14 மணி. அதற்கு அவர் வைத்த பெயர் 'தேறும் மணி'. அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

வேலையும் படிப்பும் சேர்த்துச் செய்பவர்களுக்கு என்னிடம் சொல்வதற்கு இருப்பது இந்த ஒன்றுதான். மணியை எண்ணாதீர்கள், தேறும் மணியை எண்ணுங்கள். பகல் வேலையில் 12 மணி நேரம் போனால் போவது 12 மணி நேரம்தான். இரவுப்பணியில் 12 மணி நேரம் போனால், மறுநாளின் பெரும்பகுதியும் கூடப் போகிறது. மணிக்குச் சில டாலர் கூடுதலாகக் கிடைக்கும் இரவுப் படிக்காக நான் அதை விற்றுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பாடங்களின் பக்கம். எந்தப் பாடத்துக்கு எனக்கு எத்தனை தேறும் மணி வேண்டும் என்பதை அதுவரை படித்த அனுபவத்தை வைத்து எழுதினேன். கரிம வேதியியல் இரண்டாம் பகுதிக்கு 15. இயற்பியலுக்கு 10. உளவியல், சமூகவியல் போன்றவற்றுக்கு நான்கோ ஐந்தோ. இவை என் எண்கள். வேறொருவருக்கு இயற்பியல் ஐந்து மணியில் முடியலாம். ஒரு வாரமாவது எழுதிப் பார்க்காமல் ஊகிக்கக் கூடாது.

கிரெடிட்டை விருப்பம்போலக் குறைக்கவும் முடியாது. நியூ ஜெர்சி மாநிலம் தரும் டியூஷன் எய்ட் கிராண்ட் என்ற உதவித்தொகை, என்னைப் போல நான்கு ஆண்டுக் கல்லூரியில் படிப்பவர் முழுநேர மாணவராக, அதாவது 12 கிரெடிட்டாவது எடுத்தால்தான் கிடைக்கும். ஆலோசகர் சொன்ன வழி எளியது: ஒரு செமஸ்டரில் கடினமான அறிவியல் பாடம் ஒன்றே ஒன்று, மீதியை இலகுவான, ஆனால் எப்படியும் எனக்கு வேண்டிய பாடங்களால் நிரப்புவது. எம்கேட்டின் நான்கு பகுதிகளில் ஒன்று பெரும்பாலும் உளவியலும் சமூகவியலும். ஆகவே அவை வெறும் நிரப்பல் அல்ல. 2022 இலையுதிர் செமஸ்டரில் இயற்பியல், உளவியல், சமூகவியல், ஆங்கிலம் என 13 கிரெடிட் எடுத்தேன். 2023 வசந்தத்தில் கரிம வேதியியல். பட்டம் முடிக்க அரை ஆண்டு கூடுதலாயிற்று. அந்த அரை ஆண்டைப் பற்றி அம்மா உறவினர்களிடம் விளக்கிய அளவுக்கு வேறு யாரும் கேட்கவில்லை.

வேலையிடத்தில் கேட்டதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் அங்கேதான் வாயைத் திறப்பதில்லை. மே மாதம் செவிலியர் மேலாளரிடம் நேரில் நேரம் வாங்கிக்கொண்டு போனேன். கையில் ஒரு தாள். அதில் ஒரு பக்கம் எனக்கு வேண்டியது: சனி, ஞாயிறு பகல், வாரம் 24 மணி. மறுபக்கம் நான் தருவது: நன்றி தெரிவிக்கும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்றிலும் வருகிறேன்; வகுப்பு இல்லாத கோடையில் 36 மணி நேரம் செய்கிறேன். மேலாளர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆகஸ்டு கடைசியில்தான் பகல் இடம் காலியாயிற்று. செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் போய்க் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. இரண்டு மாதம் முன்னதாகக் கேளுங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள்.

முழுக்க விட்டுவிட்டு, கூப்பிட்டால் மட்டும் போகும் தற்காலிகப் பணிக்கு மாறலாமா என்றும் யோசித்தேன். நல்ல வேளை, மனிதவளப் பிரிவில் விசாரித்தேன். நான் இருந்த இடத்தில் வாரம் 24 மணி நேரம் வேலை செய்பவருக்குப் படிப்புச் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். தற்காலிகப் பணியாளருக்குக் கிடையாது. முதலாளி தரும் இத்தகைய உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கூட்டாட்சி வருமான வரி கிடையாது. இது பல மருத்துவமனைகளில் இருக்கிறது. கேட்காமல் யாரும் கூப்பிட்டுத் தருவதில்லை. அதற்குள் அப்பாவும் அதே கிடங்கில் பாரம் தூக்காத வேலைக்குத் திரும்பியிருந்தார். மூன்றாவது இரவு இல்லாமலே வீடு ஓடியது.

கரிம வேதியியலை இரண்டாம் முறை படித்தது முதல் முறையைப் போல் இல்லவே இல்லை. முதல் முறை வினைகளை மனப்பாடம் செய்தேன். நூற்றுக்கணக்கான வினைகள், பாதித் தூக்கத்தில். இரண்டாம் முறை, காலை எட்டிலிருந்து பத்தரை வரை, வாரத்தில் ஐந்து நாள், வெள்ளைத்தாளில் அம்புகள் மட்டும் வரைந்தேன். எலக்ட்ரான் எங்கே செறிந்திருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது, எங்கிருந்து எங்கே போகும் என்ற கேள்வியைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. வாய்க்கால் மடையைத் திறந்தால் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஊரில் தாத்தா சொல்வாரே, அப்படிப் பார்க்கப் பழகினேன். மாதம் ஒன்றானதும் நான் பார்த்திராத வினைக்குக் கூட அம்பு தானாக வந்தது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, இதய நோய்ப் பிரிவில் செவிலியர், நோயாளி ஒருவருக்கு ஆஸ்பிரின் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்த நோயாளியின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்த வாரம்தான் அசைல் தொகுதி என்ற அணுக்கூட்டம் ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வினையைப் படித்திருந்தேன். ஆஸ்பிரின் செய்வது அதையே. தன்னிடம் உள்ள அசிட்டைல் தொகுதியை (அதுவும் ஓர் அசைல் தொகுதி) ரத்தத் தட்டணுவின் ஒரு நொதிக்குக் கொடுத்து அதை நிரந்தரமாக அடைத்துவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. அதனால் புதிய நொதியைச் செய்துகொள்ள வழி இல்லை. அது வாழும் ஏழு முதல் பத்து நாள் வரை அந்த அடைப்பு நீடிக்கும். நான் வரைந்த அம்பு அந்தச் சின்ன மாத்திரைக்குள் இருந்தது. தலையணையைப் பிடித்தபடி நின்றேன். வேலையும் படிப்பும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருப்பதாகவே அதுவரை எண்ணியிருந்தேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பாடத்தில் 'ஏ' வந்தது. ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த மாத்திரைதான்.

விண்ணப்பத்தில் டபிள்யூவை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: மறைக்காதீர்கள். ஆம்காஸில் விலகிய பாடங்களையும் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். கல்லூரி அனுப்பும் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். விளக்கம் சொல்ல இடம் கிடைத்தால் சுருக்கமாகச் சொல்லுங்கள். நான் எழுதியது இரண்டே வாக்கியம்: தந்தைக்குக் காயம் ஏற்பட்டதால் இரவுப்பணியைக் கூட்டினேன், இரண்டு பாடங்களிலிருந்து விலகினேன், வேலை நேரத்தை மாற்றி அமைத்து, அவற்றை மீண்டும் படித்து முடித்தேன். 5,300 எழுத்துகளில் எழுதவேண்டிய தன்விளக்கக் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அங்கே எழுதியது நோயாளிகளைப் பற்றி. வேலை பார்ப்பவர்கள் தங்கள் வேலையை ஒரு குறையாக நினைத்து அடக்கி வாசிக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தில் பதினைந்து அனுபவங்களைக் குறிப்பிடலாம்; அவற்றில் மூன்றைப் பற்றி விரிவாக எழுதலாம். மூன்றில் ஒன்றாக என் சி.என்.ஏ. வேலையைப் போட்டேன். பல மாணவர்கள் தேடி அலையும் அனுபவம் அது. சம்பளம் வாங்கியதால் அதன் மதிப்புக் குறையாது.

எம்கேட்டை 2025 ஏப்ரலில் எழுதினேன். இடைவேளைகளையும் சேர்த்தால் ஏழரை மணி நேரம் உட்கார வேண்டிய தேர்வு. அதற்கு முன் நான்கு மாதம் வேலையை வாரம் 12 மணிக்குக் குறைத்தேன். அந்த நான்கு மாதத்துக்கான பணத்தை முந்தைய கோடையிலேயே சேர்த்து வைத்திருந்தோம். நோட்டில் அதற்கென்று தனிப் பக்கம். ஜூனில் விண்ணப்பம் போட்டேன். இதுவரை இரண்டு நேர்முகத் தேர்வுகள் முடிந்திருக்கின்றன. ஒன்றில் 2022 வசந்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். சிவப்பு விளக்கைப் பற்றிச் சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை.

பெரியப்பாவிடம் எப்போது சொன்னேன் என்று எழுத மறந்துவிட்டேன். வீட்டில் சொன்ன அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை, அவர் வழக்கம்போலக் கேட்டார். இரண்டு பாடங்களை விட்டுவிட்டேன் பெரியப்பா, இத்தனை நாள் பொய் சொன்னேன் என்றேன். தொலைபேசியில் நெடுநேரம் சத்தமே இல்லை. பின்னால் தெருவில் ஒரு மணிச்சத்தம், யாரோ சைக்கிளில் போகிறார்கள். நான் காருக்குள் தூங்கியதை அப்பா முன்பே அவரிடம் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

"அது கிடக்கட்டும்" என்றார் பெரியப்பா. "இப்போது ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?"